எங்கள் வீட்டில் கோழி இல்லை

முகிலா,

உட்கார்ந்து படி. ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிற சமாசாரம் இல்லை இது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. மாப்பிள்ளைப் பையனான நீ சொந்த வீட்டை விட்டுச் செந்தூலில் நண்பனோடு தங்கியிருக்கிறாய் என்பது எந்தத் தகப்பனுக்கும் பெருமையான சேதி இல்லை. கேட்கிறவர்களிடம் "வேலைக்குப் பக்கம், அதான்" என்று சொல்லிவருகிறேன். பார்த்தாயா, முதல் பத்தியிலேயே ஒரு பொய் வந்துவிட்டது. இந்தக் கடிதமே பொய்யைப் பற்றியதுதான்.

நீ கட்டிக்கொள்ளப்போகும் பிரவீணாவின் வீட்டார் நம் வீடு பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறந்துவிட்டதாக நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். போனில் பேசும்போதெல்லாம் மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரக்காரர் என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். மறக்கவில்லை, ஐயா. காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கு இவ்வளவு நாள் ஆனதே எனக்கு இன்னொரு வெட்கம். நீ கோபித்துக்கொண்டு போனாய், உனக்குப் போக ஓர் இடம் இருந்தது. உன் தங்கச்சி யாழினிக்கு இந்த வீட்டை விட்டால் வேறு இடமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை என்னோடு ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறது.

அவள் விஷயத்தில் நான் ஆரம்பத்திலிருந்தே கோழைதான். அவள் பிறந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி "பேத்தியா அங்கிள்?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, இளித்து வைத்தேன். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, மூன்றாம் ஆண்டு வந்தும் பெருக்கல் வாய்ப்பாடு தகராறு பண்ணியபோது எனக்கு அவமானமாக இருந்தது. கிள்ளான் துறைமுகத்துக் கப்பல் ஆபீசில் காலமெல்லாம் கணக்குப் பார்த்தவன் நான். என் பிள்ளைக்கு நாலு மூணு எவ்வளவு என்று தெரியவில்லை. டியூஷன் டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அங்கிள், பாப்பா கொஞ்சம் ஸ்லோ லா. சின்னப் பிள்ளைங்க கிளாஸ்ல போட்டுப் பார்ப்போமா?" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் சீட் பெல்ட்டைப் இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம்தான் பள்ளி விடுமுறையில் நீ அவளை ரவாங் பக்கத்தில் இருக்கும் அந்தப் பண்ணைக்குக் கூட்டிப் போனாய். நான் சும்மா இருந்தேனா? "நம்ம ஆளுங்க இத விட்டு ஓடி வந்து எத்தன காலமாச்சு. நீ என்னடான்னா டிக்கெட் எடுத்துக்கிட்டு ஆட்டுப் புழுக்கைய மிதிக்கப் போற" என்று கேலி செய்தேன். நீ சிரித்துக்கொண்டே போய்விட்டாய். சாயங்காலம் திரும்பி வந்தவளுக்குச் செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லை. "அப்பா, ஆட்டுக்குட்டி பாட்டில புடிச்சி இழுக்குதுப்பா, விடவே மாட்டேங்குது! அங்க ஒரு மலாய்க்கார அக்கா, காக் இருந்தாங்க, 'பெலான்-பெலான்' சொன்னாங்க, மெதுவா குடுக்கணுமாம். நான் கங்கோங் கீரை நட்டேன்பா. கோழிக்கூட்டுக்குள்ள கைய விட்டு முட்டை எடுத்தேன், சூடா இருந்திச்சி!" என்று மூச்சு விடாமல் கொட்டினாள். அந்தப் பிள்ளை ஒரே நேரத்தில் அத்தனை வாக்கியம் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "போயி மொதல்ல குளி, நாறுது" என்றேன்.

மற்ற வீடுகளில் அதோடு முடிந்திருக்கும். போட்டோவை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு மறந்துபோவார்கள். நீ விடவில்லை. அடுத்த வாரமே அட்டைப்பெட்டியில் இரண்டு கோழிகளோடு வந்து இறங்கினாய். போண்டா, லட்டு என்று அவள் பெயர் வைத்தாள். பாசாரில் மீன்காரரிடம் கேட்டு வாங்கிய வெள்ளைப் பெட்டிகளில் மண்ணை நிரப்பி நட்டீர்கள்; கார் நிறுத்தும் இடத்தில் பாதியைக் கங்கோங்கும் வெண்டையும் பிடித்துக்கொண்டன. உன் அம்மாவும் கட்சி மாறிவிட்டாள். அரிசி களைந்த தண்ணீரை நான் தெரியாமல் கொட்டிவிட்டால் என் மேல் எரிந்து விழுவாள். சனிக்கிழமை காலையில் நீங்கள் மூவரும் வெளியே குந்திக்கொண்டிருப்பீர்கள். நான் உள்ளே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரி காதை மட்டும் வெளியே வைத்திருப்பேன்.

ஒரு நாள் நீ அவளிடம் குச்சியைக் கொடுத்து விதை போடக் குழி போடச் சொன்னாய். "மூணு வரிசை. வரிசைக்கு நாலு. எண்ணாம சொல்லு பார்ப்போம்" என்றாய். அப்புறம் "பன்னெண்டு" என்றாள். "ஏய், எண்ணிட்டே" என்று நீ சீண்டினாய். "இல்லண்ணே! சத்தியமா எண்ணல! தெரிஞ்சிச்சி!" என்று கத்தினாள். டியூஷன் டீச்சரும் நானும் அடித்துப் பிடித்து உள்ளே திணிக்கப் பார்த்த பெருக்கல், ஈர மண்ணில் ஒரு குச்சி முனையில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. முட்டைகளில் பென்சிலால் தேதி எழுதினாள். பழையதை முதலில் சமைக்க வேண்டும் என்று அம்மாவுக்கே சட்டம் போட்டாள். தீவனம் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று பால்டின்னால் அளந்து பார்த்துச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, முகிலா. அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெண்டை இலைக்கு அடியில் வெள்ளைப் பூச்சி வந்தபோது அவள் ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாள். "அப்பா, இது என்னா?" என்றாள். "எனக்கெப்படி தெரியும்? நான் ஆபீஸ்ல வேல பார்த்தவன்" என்றேன். எனக்குத் தெரியும். அடுப்புச் சாம்பலைத் தூவினால் போதும். கோழி சோர்ந்து இறக்கையைத் தொங்கப் போட்டு நின்றால் வெயில் தாங்கவில்லை என்று அர்த்தம், அதுவும் தெரியும். நீங்கள் மூவரும் போனில் தேடித் தேடிப் படித்ததெல்லாம் எனக்குப் பத்து வயதில் தெரிந்தவை. காப்பார் பக்கத்து ரப்பர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவன் நான். என் அம்மா பால்மரம் வெட்டிவிட்டு வந்து மாட்டுக்குப் புல் அறுக்கப் போவார், நான் பின்னால் போவேன். டவுன் பள்ளிக்கூடத்தில் என் சட்டையில் மாட்டு வாடை வருகிறது என்று பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் நகர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு மூடிய வாய்தான் இது. எஸ்டேட் வாழ்க்கை சொர்க்கம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். கொசுவும் கங்காணியின் வசவும் என்ன சொர்க்கம்? அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டாம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் கற்றுக்கொண்டதையும் சேர்த்துக் குழி தோண்டிப் புதைத்தேன் பார், அது என் முட்டாள்தனம். உன் தாத்தா எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கிராணி இல்லை, முகிலா. அவரும் பால்மரம் வெட்டியவர்தான். சம்பந்தியிடமும் போனில் கிராணி என்றே அளந்துவிட்டேன்.

இப்போது உனக்குப் புரியும், வீடு பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொன்னதும் நான் ஏன் அரண்டுபோனேன் என்று. அவர்களுக்குச் சுபாங்கில் மாடி வீடு. பிரவீணாவின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அந்த அம்மா பேங்கில் இருந்தவர். காரை விட்டு இறங்கியதும் கோழி எச்சத்தில் கால் வைத்தால் என்ன நினைப்பார்கள்? எஸ்டேட் புத்தி போகவில்லை என்று நினைப்பார்களா இல்லையா? யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே கேட்டுக்கொண்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை நீ வேலைக்குப் போனாய், அம்மாவும் அவளும் லிட்டில் இந்தியாவுக்குப் பூவும் பலகாரமும் வாங்கப் போனார்கள். நான் லோரிக்கார மணியத்தைக் கூப்பிட்டேன். பெட்டி, வாளி, வெண்டைச் செடி, கோழிக்கூடு, எல்லாவற்றையும் ஏற்றினோம். வெண்டை காய்த்திருந்தது. "அண்ணே, காய பறிச்சிட்டாவது குடுக்கலாமே" என்று மணியம் கேட்டான். "ஒண்ணும் வேணாம், சீக்கிரம் கெளம்பு" என்றேன். கோழிகளை என்ன செய்யப்போகிறாய் என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயந்தேன். பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். கடைக்குப் போய்ச் சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் புல் வாங்கி வந்து, கங்கோங் இருந்த இடத்தில் விரித்தேன். கத்தரிக்கோலால் ஓரத்தை நேராக வெட்டி, தள்ளி நின்று பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது அவள் பூப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புல்லின் மேல் நின்றாள். "கோழி எங்கப்பா?" என்றாள். "நாளைக்கு விருந்தாளி வர்றாங்க இல்ல? லோரி அங்கிள் வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். திரும்பி வந்திடும்" என்றேன். "லட்டு தூங்கறதுக்கு மொதல்ல தண்ணி வைக்கணும். அங்கிளுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்று தலையாட்டினேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நீ வேலை முடிந்து வந்து வாசலில் நின்று, "யாருக்காகப்பா இதெல்லாம்?" என்று மட்டும் கேட்டாய். உனக்காகத்தான் என்றேன். அதுவும் பொய்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். கேசரி வந்தது, வடை வந்தது, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது யாழினி பச்சைப் பாவாடையும் தலையில் பூவுமாகச் சமையலறையிலிருந்து வந்தாள். ஃபிரிட்ஜில் சேர்த்து வைத்திருந்த முட்டைகளைத் தட்டில் அடுக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அண்ணி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அவள் வாரக்கணக்காகச் சேர்த்தது என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. புது ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போகிற பிள்ளை, அந்தம்மா முன்னால் போய் நின்று, "ஆன்டி, இது உங்களுக்கு. எங்க கோழி போட்டது. தேதி எழுதியிருக்கேன், இது மொதல்ல சாப்பிடணும்" என்றாள். அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். அந்தம்மா "அட! கோழி வளக்கிறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். என் வாய் தானாகத் திறந்தது. "ஐயோ, எங்க வீட்டுல ஏதுங்க கோழி! பக்கத்து வீட்டு இந்தோனேசியா வேலைக்காரம்மா பின்னால வளக்குது, அது குடுத்த முட்டை. நாங்க அந்த மாதிரியெல்லாம் இல்லைங்க" என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? அவள் தலையில் தட்டி, சிரித்துக்கொண்டே, "இவ இப்படித்தான், நல்லா கதை கட்டுவா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதை மறைக்க என் பிள்ளையைப் பொய்க்காரியாக்கிவிட்டேன். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு உன்னைப் பார்த்தாள். நீ வாயைத் திறந்தாய். அதற்குள் பிரவீணாவின் அப்பா "அந்த மண்டபத்துல பார்க்கிங் எப்படி தம்பி?" என்று உன்னைக் கேட்டார். நீ பார்க்கிங்கைப் பற்றிப் பேசினாய். வந்த சம்பந்திகள் முன்னால் தகப்பனின் மானம் கப்பலேறக் கூடாது என்று நீ அடக்கிக்கொண்டாய், எனக்குத் தெரியும். அந்த மௌனத்தையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும். அவள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்று வயிறாரக் கிடைத்தது. இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவர்கள் அந்தப் பிளாஸ்டிக் புல்லைக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் பூந்தொட்டி இருந்தாலும், எருமை மாடே கட்டியிருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். மகளுக்கு ஏற்ற பையனா, மாமியார் நல்ல மாதிரியா என்று பார்க்க வந்த மனுஷர்கள். இல்லாத ஒரு பரீட்சைக்கு நான் என் பெண்ணைப் பலி கொடுத்திருக்கிறேன். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நீ என்னிடம், "அவ பொய் சொல்லலப்பா. நீங்கதான் சொன்னீங்க" என்றாய். குரலை உயர்த்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். "போடா, பெரிய உத்தமன்!" என்று நான் பின்னால் கத்தியது பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, அம்மா சொல்லியிருக்க மாட்டாள். யாழினி எதைக் கேட்டாலும் "தெரியல" என்கிறாள். நாலு மூணு என்னம்மா என்றால், தெரியல. இன்றைக்கு என்ன தேதி என்றால், தெரியல. அவளுக்குத் தெரியும், முகிலா. தெரிந்ததைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதையும் அவளுக்கு நான் காட்டிவிட்டேன், அதனால் சொல்வதில்லை. என்னைப் போலவே வாயை மூடக் கற்றுக்கொண்டாள். நான் ஐம்பது வருஷம் பாடுபட்டுப் பழகியதை அவள் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் காரை எடுத்துக்கொண்டு காப்பாருக்கு மணியம் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. "அண்ணே, ஒண்ண அந்த ஞாயித்துக்கெழமையே சமைச்சாச்சி. நீங்கதான வேணாம்னீங்க" என்றான். லட்டுதான் போயிருந்தது. போண்டா முட்டை போட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்திருந்தது. அதை அட்டைப்பெட்டியில் வைத்துப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெட்டியைப் பிய்த்துக்கொண்டு தலையை நீட்டி, சீட்டெல்லாம் நாசம் பண்ணியது. கிள்ளான் ட்ராஃபிக் லைட்டில் நிற்கும்போது பக்கத்துக் காரில் என் பழைய ஆபீஸ் நண்பர். கையை ஆட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேப்பரை எடுத்துக் கோழியின் தலையை மூடினேன். பிள்ளைக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடிப் போகிற வழியிலும் இந்தக் கை அப்படித்தான் போகிறது. சிரிக்கிறாயா? சிரி. எனக்கு அழுகை வந்தது.

பிளாஸ்டிக் புல்லைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். மீன்காரரிடம் மறுபடியும் பெட்டிகள் வாங்கினேன். மண்ணை நானே கலந்தேன், சாம்பல் போட்டேன், கங்கோங் தண்டு நட்டேன். மூணு வரிசை, வரிசைக்கு நாலு. காலையில் வெளியே குந்திக்கொண்டு வேலை செய்கிறேன், தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். முதல் நாள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், இப்போது கொஞ்சம் திரும்பி உட்காருகிறேன். உன் அம்மா அரிசித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். யாழினி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், வெளியே வரவில்லை. லட்டு எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்ததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நானாகத்தான் சொன்னேன். "லட்டு இல்லம்மா. அப்பா தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூல் பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். பண்ணைக்குக் கூட்டிப் போவாய், செடி நடச் சொல்வாய், அதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. நாம் கற்றுக்கொடுக்கிற நேரத்தில் மட்டும் பிள்ளைகள் கற்றுக்கொள்வதில்லை. விருந்தாளி வந்திருக்கும்போதும் கற்றுக்கொள்கிறார்கள். சனிக்கிழமை காலையில் மண்ணைத் தொடச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னால், அவர்கள் மனதில் ஞாயிற்றுக்கிழமைதான் நிற்கும். உனக்குத் தெரிந்த ஒன்றை உன் பிள்ளை வந்து கேட்டால், தெரியும் என்று சொல். அது எங்கிருந்து தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல். சாம்பல் தூவு என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? அவள் சந்தோஷமாகத் தூவியிருப்பாள், அவ்வளவுதானே.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது நேற்று நடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் பத்திரிகை எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அம்மா காலையில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது யாழினி வெளியே வந்தாள். இத்தனை நாளில் அவளாக என் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. போண்டாவுக்கு ஒரு பிடி தீவனம் போட்டாள். அவள் கோழியைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, ஞாயித்துக்கெழம அவங்க வர்றாங்கல்ல. போண்டாவ எங்க ஒளிச்சி வைக்கணும்னு சொல்லுங்க. லோரி அங்கிள கூப்பிடாதீங்க. நானே ஒளிச்சி வச்சிடுறேன். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். "ஒளிக்க வேணாம்மா. இங்கயே இருக்கட்டும். நம்ம கோழிதான்னு அப்பா அவங்ககிட்ட சொல்றேன்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்ல மாட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி, பார்த்ததைச் சொன்னாள். கூட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். சொல்ல வேண்டியதைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். "யாழினி அன்னைக்குப் பொய் சொல்லலைங்க, நான்தான் சொன்னேன். கோழி எங்களது, அவதான் வளத்தா. எங்கப்பா கிராணி இல்ல, பால்மரம் வெட்டினவரு." குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். முதல் இரண்டும் வந்துவிடுகின்றன, மூன்றாவதில் குரல் நின்றுவிடுகிறது. அறுபது வயதில் வாய்ப்பாடு படிக்கிறவன் மாதிரி இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு. என்னைச் சமாதானப்படுத்த வர வேண்டாம், என்னோடு பேசக்கூட வேண்டாம். அவள் பக்கத்தில் போய் நில். நான் சொல்லிவிட்டால், அதை அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கட்டும். இந்த வாய் மறுபடியும் புரண்டால், என் மானத்தை யோசிக்காதே, முகிலா. அவர்கள் எல்லோர் முன்னாலும் நீ சொல்.

அப்பா